எழுத்துக்கு முன்னால் ஒரு கோடு

காப்பெல், டெக்சாஸ்
9 மார்ச் 1996

அன்புள்ள தம்பி சுந்தர்சிங்குக்கு,

பதினான்கு மாதம் கழித்து அக்காவின் கையெழுத்தைப் பார்த்ததும் யாருக்கு என்ன ஆயிற்றோ என்று பதறாதே. நானும் அத்தானும் நலம். நாகர்கோவிலில் அம்மாவும் நலம், போன ஞாயிறு பேசினேன். நான் எழுதுவது வேறு காரியம்.

ஃபோன் பண்ண மூன்று தடவை எடுத்தேன். நீ எடுத்தால் என்ன பேசுவது என்று தெரியாமல் வைத்துவிட்டேன். இமெயில் என்றால் இங்கிலீஷில் எழுத வேண்டும். உன்னோடு இங்கிலீஷில் பேசி எனக்குப் பழக்கம் இல்லை. அதனால் கையால் எழுதி எக்ஸ்பிரஸ் மெயிலில் போடுகிறேன்.

லுவேமி மொழி உனக்கு ஞாபகம் இருக்கும். கேமரூன் மலைப்பக்கத்தில் முப்பதாயிரம் பேர் பேசுகிறார்கள். எழுத்து கிடையாது. எங்கள் மொழியியல் மையத்திலிருந்து போய் ரோமன் எழுத்தை வைத்து அவர்களுக்கு ஒரு நெடுங்கணக்கு அமைத்தேன், நீ அதற்கு ஃபாண்ட் செய்து கொடுத்தாய். அதில் குரல் ஏற்ற இறக்கத்துக்கான குறிகளை விட்டுவிட்டோம், உன் ஃபாண்டில் இடம் போதாததால்.

இந்த ஜனவரியில் அங்கே காலரா. மலையடிவாரத்து மிஷன் ஆஸ்பத்திரி கேட்டுக்கொண்டதால் லுவேமியில் ஒரு எச்சரிக்கைத் தாள் தயாரித்து, நாலாயிரம் பிரதி அச்சடித்து விமானத்தில் அனுப்பினேன். மூன்றே வாக்கியம். ஆற்றுத் தண்ணீரைக் குடிக்காதீர்கள், கை கழுவாமல் சாப்பிடாதீர்கள், நோயாளியை வீட்டில் வைத்திருக்காதீர்கள்.

புதன்கிழமை வகுப்பில் மாணவர்களுக்கு மாதிரி காட்ட அந்தத் தாளை எடுத்து உரக்கப் படித்தேன். படித்தது என் காதிலேயே வேறு மாதிரி விழுந்தது. லுவேமியில் ve என்று ஒரு சிறு சொல் உண்டு. குரலை இறக்கிச் சொன்னால் 'செய்யுங்கள்'. ஏற்றிச் சொன்னால் 'செய்யாதீர்கள்'. எழுத்தில் இரண்டும் ஒன்றுதான், ஏனென்றால் குறி இல்லை. "ஆற்றுத் தண்ணீரைக் குடியுங்கள்" என்று நான் படித்திருக்கிறேன், சுந்தர். அந்த வாக்கியத்தை எழுதினவளே அப்படிப் படித்தேன்.

தாள் மூன்று வாரம் முன்பே போய்விட்டது. மலைக்கு ஃபோன் இல்லை. மழையில் பாலம் போய்விட்டதாம், ஆஸ்பத்திரிக்கும் சேதி தெரியவில்லை. திருத்திய தாள் உடனே அனுப்ப வேண்டும். குறிகளோடு ஒரு ஃபாண்ட் வேண்டும். உன்னைத் தவிர யாரையும் எனக்குத் தெரியாது.

அக்கா
ஞானம்

*

சன்னிவேல், கலிபோர்னியா
13 மார்ச் 1996

அக்காவுக்கு,

இத்துடன் ஃப்ளாப்பி இருக்கிறது. ஏழு உயிரெழுத்துக்கும் ஏறு குறி, இறங்கு குறி, ஆக மொத்தம் பதினான்கு. சின்ன எழுத்து மட்டும்தான், பெரிய எழுத்து இல்லை. ஒரு ஃபாண்டில் இருநூற்றைம்பத்தாறு இடம்தான் உண்டு என்பது உங்களுக்குத் தெரியும். லுவேமிக்கு வேண்டாத சில எழுத்துகளையும் நாணயக் குறிகளையும் எடுத்துவிட்டு அங்கே இவற்றை வைத்தேன். ஒரு தாளுக்கு இது போதும், பாடப்புத்தகத்துக்குப் போதாது. இரண்டு நாள் லீவு போட்டேன்.

உங்கள் கடிதத்தில் ஒரு வரி: "உன் ஃபாண்டில் இடம் போதாததால்."

போன வருஷம் ஜனவரியில் நியூ ஜெர்சியில் உங்கள் மொழியியல் கூட்டத்துக்கு நீங்கள் கூப்பிட்டதால்தான் வந்தேன். ஆன்லினையும் ஷைனாவையும் கூட்டிவந்தேன். என் அக்கா மேடையில் பேசுகிறாள் என்று பிள்ளைக்குக் காட்ட ஆசை. "ஃபாண்ட் செய்தவரின் வசதிக்காக ஒரு மொழியின் குரலை விட்டுக்கொடுக்க வேண்டியதாயிற்று" என்று நீங்கள் சொன்னீர்கள். நூறு பேர் தலையாட்டினார்கள். ஷைனா என் பக்கம் திரும்பி, "டாட், இஸ் தட் யூ?" என்று கேட்டாள். எட்டு வயசுப் பிள்ளை.

நான் இடம் இல்லை என்று சொல்லவில்லை. என்ன சொன்னேன் என்று உங்களுக்குத் தெரியும்.

ஃபாண்டை ஏற்றுவதில் சிக்கல் இருந்தால் ஆபீஸ் நம்பரில் கூப்பிடலாம். அங்கே நிலைமை என்ன என்று தெரிந்தால் எழுதவும்.

சுந்தர்சிங்

*

காப்பெல்
19 மார்ச் 1996

அன்புள்ள தம்பி,

ஃபாண்ட் வேலை செய்கிறது. நேற்று அச்சகத்தில் கொடுத்துவிட்டேன். நீ எழுத்துமேல் குறியை உட்கார வைத்திருக்கும் அழகைப் பார்த்து அச்சகத்துக்காரர் யார் செய்தது என்று கேட்டார். என் தம்பி என்றேன்.

என்னை 'நீங்கள்' என்று எழுதியிருந்தாய். பிறந்தது முதல் நீ அப்படிச் சொன்னதில்லை. கடிதத்தை மடித்து வைத்துவிட்டேன்.

நீ என்ன சொன்னாய் என்று எனக்குத் தெரியும். 1994 ஆகஸ்டில் ஃபோனில், "மூன்று மாசம் கொடு, எல்லாக் குறிக்கும் இடம் கண்டுபிடித்துத் தருகிறேன்" என்றாய். செப்டம்பரில் பாடப்புத்தகம் அச்சேற வேண்டும், நவம்பரில் மையத்தின் பெரியவர்கள் பார்க்க வருகிறார்கள் என்று நான் அவசரப்பட்டேன். குறி இல்லாமலே போகட்டும் என்று முடிவு எடுத்தது நான். நியூ ஜெர்சியில் ஒருவர் எழுந்து, "ஏன் குறிகளை விட்டீர்கள்?" என்று கேட்டபோது, நான் அவசரப்பட்டேன் என்று சொல்ல நாக்கு வரவில்லை. உன்மேல் போட்டுவிட்டேன். நீ உட்கார்ந்திருந்தது தெரிந்தேதான் சொன்னேன். பிறகு அது அப்படித்தான் நடந்தது என்று நானே நம்பத் தொடங்கினேன். போன கடிதத்திலும் அதே பொய் தானாக வந்துவிட்டது.

இன்னொன்றும் சொல்லிவிடுகிறேன். லுவேமிப் பள்ளியில் எலியாஸ் என்று ஒரு ஆசிரியர். ஐம்பது வயசு, மெதுவாகப் பேசுவார். நெடுங்கணக்குக் கூட்டத்தில் பதினோரு பேர் இருந்தோம். அவர் மட்டும் எழுந்து, "எங்கள் பேச்சில் பாதி குரலில் இருக்கிறது, டாக்டர். அதை விட்டுவிட்டு எப்படி எழுதுவது?" என்றார். நான் சிரித்தேன். "எங்கள் தமிழில் க என்ற ஒரே எழுத்துக்கு மூன்று சத்தம். கடல், பகல், தங்கம். யாரும் தடுமாறுவதில்லை. படிக்கிறவர்கள் தானாகப் புரிந்துகொள்வார்கள்" என்றேன். அவர் உட்கார்ந்துவிட்டார். நான் ஜெயித்ததாக நினைத்துக்கொண்டேன்.

இன்னும் சேதி இல்லை. ஆஸ்பத்திரிக்கு ஃபாக்ஸ் அனுப்பினேன். மலைக்கு ஆள் அனுப்பியிருக்கிறார்களாம், நடந்துதான் போக வேண்டும். எத்தனை பேர் அந்தத் தாளைப் படித்திருப்பார்கள் என்று மனசு ஓயாமல் கேட்கிறது. அத்தான் என்னை டிரைவ் பண்ண விடுவதில்லை, அவரே கொண்டுவிட்டுக் கூட்டி வருகிறார்.

மன்னித்துக்கொள் என்று எழுத வெட்கமாக இருக்கிறது. ஆனாலும் எழுதுகிறேன்.

ஞானம்

*

சன்னிவேல்
25 மார்ச் 1996

அக்கா,

உன் கடிதத்தை ஆபீஸ் ஷட்டில் பஸ்ஸில் படித்தேன். இறங்க வேண்டிய இடத்தில் இறங்காமல் அடுத்த பில்டிங் வரைக்கும் போய்விட்டேன்.

கோபம் போய்விட்டது என்று சொன்னால் பொய். பாதி போயிருக்கிறது. ஆனால் நீ ஒரு பங்கை மறந்துவிட்டாய், அதை நான் சொல்லாவிட்டால் நானும் உன்னை மாதிரித்தான்.

அந்தக் கடல், பகல், தங்கம் என்னுடையது. மூன்று மாசம் தர முடியாது என்று நீ சொன்னதும் எனக்கு எரிச்சல். "சரி விடு, குறி எதற்கு, நம்ம க-வைப் பார்" என்று நான்தான் எடுத்துக்கொடுத்தேன். ஃபோனை வைத்ததும் வேலை குறைந்ததே என்று நிம்மதியாகக்கூட இருந்தது. நீ அதைக் கொண்டுபோய் எலியாஸ் மாஸ்டரிடம் சொல்லியிருக்கிறாய்.

இப்போது யோசித்துப் பார்க்கிறேன். க-வில் நாம் தடுமாறாததற்குக் காரணம் இருக்கிறது. சொல்லின் முதலில் வந்தால் ஒரு சத்தம், நடுவில் வந்தால் ஒன்று, ங்-க்குப் பிறகு வந்தால் ஒன்று. இடம் சொல்லிக்கொடுத்துவிடுகிறது. லுவேமியின் ve எங்கே வந்தாலும் ஒரே இடம்தானே, எது சொல்லிக்கொடுக்கும்? இது ஒரு மொழிக்காரிக்கும் ஒரு எழுத்துக்காரனுக்கும் அன்றைக்குத் தோன்றவில்லை. இரண்டு பேரும் படித்தவர்கள்.

கடிதத்தோடு நீ அனுப்பிய பழைய தாளை வீட்டில் மேஜையில் வைத்திருந்தேன். ஷைனா எடுத்து, "வாட் டஸ் இட் ஸே?" என்று கேட்டாள். சொன்னேன். இரண்டு விதமாகவும் சொன்னேன். அவள் சிரிக்கவில்லை. "தென் ஹௌ டு தே நோ?" என்றாள். 

ஆன்லின் சர்ச்சில் ஜெபத்துக்குச் சொல்லியிருக்கிறாள். விஷயம் என்னவென்று சொல்லவில்லை, தூரத்தில் இருக்கிற சிலருக்காக என்று மட்டும்.

சேதி எது வந்தாலும், நல்லதோ கெட்டதோ, உடனே ஃபோன் பண்ணு. நான் எடுத்தால் வைத்துவிடாதே.

சுந்தர்

*

காப்பெல்
17 ஏப்ரல் 1996

அன்புள்ள தம்பி,

நேற்று ஃபோன் பண்ணினபோது நீ மீட்டிங்கில் இருந்தாய். "யாருக்கும் ஒன்றும் ஆகவில்லை, தாளால் யாருக்கும் ஒன்றும் ஆகவில்லை" என்று ஆன்லினிடம் திரும்பத் திரும்பச் சொன்னேன் என்று அவள் சொல்லியிருப்பாள். பேச்சு சரியாக வரவில்லை. இப்போது விவரமாக எழுதுகிறேன். கர்த்தருக்குத் தோத்திரம்.

எலியாஸ் மாஸ்டர் எழுதிய கடிதத்தை ஆள் மூலம் வாங்கி ஆஸ்பத்திரியிலிருந்து ஃபாக்ஸ் பண்ணினார்கள். அவர் சொன்னதை அப்படியே தமிழில் சொல்கிறேன்:

"தாள்கள் வந்த அன்று பள்ளியில் கட்டைப் பிரித்தோம். முதல் வரியை மாலை வகுப்புப் பெண்களைப் படிக்கச் சொன்னேன். பாதிப் பேர் குடியுங்கள் என்று படித்தார்கள், பாதிப் பேர் குடிக்காதீர்கள் என்று படித்தார்கள். நான் கட்டைத் திரும்பக் கட்டிப் பூட்டினேன். உங்களுக்குச் சேதி அனுப்பிக் காத்திருக்க நேரமில்லை. மறுநாள் இருபத்திரண்டு பெண்களும் வந்தார்கள். ஒவ்வொரு தாளிலும் மூன்று இடத்தில், ve-க்கு முன்னால், பேனாவால் ஒரு சின்னக் கோடு போட்டோம். இரண்டு நாள் ஆயிற்று. அதன் பிறகுதான் தாள்களை ஊர்களுக்கு அனுப்பினோம்."

தாள் வருவதற்கு முன்னால் ஒன்பது பேர் இறந்திருக்கிறார்கள். தாள் போன பிறகு ஒருவரும் இல்லை. தாள்தான் காப்பாற்றியது என்று நான் சொல்ல மாட்டேன், ஆஸ்பத்திரியிலிருந்து மருந்தும் போயிற்று. ஆனால் அது யாரையும் கொல்லவில்லை, சுந்தர். படிக்கத் தெரிந்தவர்கள் எல்லாருக்கும் அந்தக் கோடு தெரிந்திருந்தது.

எப்படித் தெரிந்தது என்றால், பாடப்புத்தகம் வந்த முதல் மாசத்திலிருந்தே அவர்கள் அதைப் போட்டு வருகிறார்களாம். 'செய்யாதே' வரும் இடத்தில் முன்னால் ஒரு கோடு. புத்தகங்களில் எல்லாம் பேனாவால் போட்டிருக்கிறார்கள். அங்குள்ள சர்ச் ஆபீஸ் டைப்ரைட்டரில் இங்கிலீஷ் மேற்கோள் குறி இருக்கிறதல்லவா, அந்த ஒற்றைக் குறியைத் தட்டினால் அதே கோடு வந்துவிடுகிறது. 've. அவ்வளவுதான்.

ஏன் என்னிடம் சொல்லவில்லை என்பதையும் எழுதியிருக்கிறார். "நீங்கள் வேண்டாம் என்று முடிவு செய்த விஷயம். நீங்கள் படித்தவர், தூரத்திலிருந்து எங்களுக்காக வந்தவர். திரும்பக் கேட்டால் வருத்தப்படுவீர்கள் என்று நினைத்தோம்."  இதைப் படித்ததும் அழுகை வந்தது. இரண்டு விதமான அழுகையும் சேர்ந்து வந்தது.

அத்தான் நேற்றுச் சாயங்காலம் சாவியைக் கையில் கொடுத்து, "நீயே ஓட்டு" என்றார். 635 நெடுஞ்சாலையில் ஒரே டிராஃபிக். எனக்கு அதுகூட நன்றாக இருந்தது.

திருத்திய தாள் அச்சடித்தாயிற்று, பாலம் இல்லாததால் கட்டாக இங்கேயே கிடக்கிறது, இனி அனுப்பப் போவதில்லை. உன் உழைப்பு வீணாயிற்று.

ஞானம்

*

சன்னிவேல்
24 ஏப்ரல் 1996

அன்புள்ள அக்கா,

மீட்டிங்கிலிருந்து என்னை வெளியே கூப்பிட்டு, "ஒய்ஃப் ஆன் த லைன்" என்றார்கள். ஆன்லின் சொன்னதும் "சரி" என்று மட்டும் சொன்னேன். திரும்ப உள்ளே போகவில்லை. எல் கமீனோ ரோட்டில் இருக்கிற நம்ம ஆள் கடைக்கு நடந்தே போய் மூன்று மணிக்கு மசாலா தோசை சாப்பிட்டேன். அப்புறம் இன்னொன்று சாப்பிட்டேன். ஒரு மாசமாக வாயில் எதுவும் ருசிக்கவில்லை என்பது அப்போதுதான் தெரிந்தது.

நான் வரைந்த பதினான்கு எழுத்தும் வீண். என் வேலை வீணாய்ப் போனதில் எனக்கு இவ்வளவு சந்தோஷம் இதற்கு முன் வந்ததில்லை.

ஆனால் எனக்கு வேலை இல்லை என்று நினைக்காதே. அந்தக் கோடு டைப்ரைட்டரில் சரியாக வரும், கம்ப்யூட்டரில் வராது. சொல்லுக்கு முன்னால் ஒற்றைக் குறியைத் தட்டினால் மேற்கோள் தொடங்குகிறது என்று நினைத்துக்கொண்டு அதை வளைத்து, தலைகீழாகத் திருப்பிவிடும். சில சமயம் கோடு ஒரு வரியின் கடைசியிலும் ve அடுத்த வரியின் முதலிலுமாகப் பிரித்துவிடும். அப்படிப் பிரிந்தால் திரும்பவும் பழைய கதைதான். அதனால் அதை ஒரு குறியாக வைக்காமல் ஒரு எழுத்தாகவே செய்யப் போகிறேன். a, b மாதிரி, அதுவும் ஒரு எழுத்து. யாரும் அதைச் சொல்லிலிருந்து பிரிக்க முடியாது. கீபோர்டில் அதே இடத்தில் இருக்கும், அவர்கள் புதிதாக எதுவும் கற்றுக்கொள்ள வேண்டாம்.

இந்தத் தடவை எனக்கு மூன்று மாசம் கொடு.

ஒரு உதவி. எலியாஸ் மாஸ்டரிடம் கேட்டுச் சொல். அந்தக் கோடு நேராக நிற்க வேண்டுமா, சாய வேண்டுமா? எவ்வளவு உயரம்? பெண்கள் கையால் போட்ட தாள் ஒன்று கிடைத்தால் அனுப்பு. நான் என் இஷ்டத்துக்கு வரைய விரும்பவில்லை.

உன் தம்பி
சுந்தர்

*

காப்பெல்
19 ஆகஸ்ட் 1996

அன்புள்ள தம்பி,

சனிக்கிழமை திரும்பினேன். உடம்பு அசதி, மனசு லேசு.

நெடுங்கணக்குக் கூட்டம் ஜூலை கடைசியில் பள்ளியிலேயே நடந்தது. இந்த முறை அறுபது பேர். நான் தலைமை வகிக்கவில்லை. எலியாஸ் மாஸ்டர் நடத்தினார், நான் பின் பெஞ்சில் உட்கார்ந்து குறிப்பு எடுத்தேன். தொடங்குவதற்கு முன் இரண்டு நிமிஷம் கேட்டு வாங்கிக்கொண்டு எழுந்து பேசினேன். "குறிகளை விட்டது என் முடிவு. என் அவசரம். எலியாஸ் மாஸ்டர் சொன்னதை நான் கேட்டிருக்க வேண்டும். ஃபாண்ட் செய்த என் தம்பிக்கு இதில் குற்றம் இல்லை." அவர்கள் பெரிதாக எடுத்துக்கொள்ளவில்லை. ஒரு பெரியவர், "சரி, உட்காரம்மா, வேலையைப் பார்ப்போம்" என்றார்.

நீ முதலில் செய்த பதினான்கு எழுத்தையும் காட்டினேன், மறைக்கக் கூடாது என்று. இளவட்டங்கள் சிலருக்கு அது பிடித்துவிட்டது. பிரெஞ்சு மாதிரி இருக்கிறது, கௌரவமாக இருக்கிறது என்றார்கள். வாக்குவாதம் நீண்டது. அப்போது மாலை வகுப்பில் படிக்கும் ஒரு பெண் எழுந்தாள். சந்தையில் மீன் விற்கிறவள். "மேலே குறி போட வேண்டுமென்றால் சொல்லை எழுதி முடித்துவிட்டுக் கை திரும்பி வர வேண்டும். அதற்குள் குழந்தை கூப்பிடும், அடுப்பு கூப்பிடும், மறந்துவிடுவேன். முன்னால் என்றால் அதைப் போட்ட பிறகுதான் சொல்லே வரும். மறக்க வழி இல்லை" என்றாள். இருபது வருஷமாக இந்த வேலையில் இருக்கிறேன், எழுதுகிற கையைப் பற்றி இவ்வளவு தெளிவாக யாரும் எனக்குச் சொன்னதில்லை.

கை தூக்கச் சொன்னார்கள். நாற்பத்தேழு கை கோட்டுக்கு. இருபத்தாறாவது எழுத்தாகச் சேர்த்துவிட்டார்கள். நெடுங்கணக்கு அமைத்தவர்கள் என்று என் பெயரை முதலில் போட்டிருந்தார்கள். அடித்துவிட்டு எலியாஸ் மாஸ்டர் பெயரையும் அந்த இருபத்திரண்டு பெண்களின் பெயரையும் எழுதச் சொன்னேன். உன் பெயர் ஃபாண்ட் என்ற இடத்தில் இருக்கிறது.

அக்டோபரில் நியூ ஜெர்சியில் திரும்பவும் கூட்டம். அங்கே சொல்ல வேண்டியதை அங்கேதான் சொல்ல வேண்டும். நீ வர வேண்டும் என்று கேட்க எனக்கு உரிமை இல்லை. தேதி மட்டும் சொல்கிறேன், பன்னிரண்டாம் தேதி, சனிக்கிழமை.

ஞானம்

*

சன்னிவேல்
10 நவம்பர் 1996

அன்புள்ள அக்கா,

நியூ ஜெர்சிக்கு நான் வராததில் உனக்கு வருத்தம் இருக்கும். கோபத்தில் வராமல் இல்லை. நான் எதிரில் உட்கார்ந்திருந்தால் நீ எனக்காகப் பேசினதாக ஆகிவிடும். நீ உனக்காகவே பேச வேண்டும் என்றுதான் வரவில்லை. அது சரியோ தப்போ தெரியவில்லை.

கூட்டத்தை நடத்தினவர்கள் கேசட் அனுப்பியிருந்தார்கள். சமையலறையில் ஆன்லின் மீன் கழுவிக்கொண்டிருந்தாள். டேப்பைப் போட்டேன்.   "போன கூட்டத்தில் இந்த மேடையில் நான் ஒரு பொய் சொன்னேன்" என்று தொடங்கினாய். ஆன்லின் குழாயை மூடிவிட்டுக் கையைத் துடைக்காமல் கடைசி வரை நின்று கேட்டாள். முடிந்ததும், "அண்ணி தைரியசாலி" என்றாள்.  மீதி இருந்த பாதிக் கோபமும் எப்போது போயிற்று என்று எனக்குத் தெரியவில்லை. தேடிப் பார்த்தேன், இல்லை.

புது ஃபாண்டை எலியாஸ் மாஸ்டருக்கு அனுப்பிவிட்டேன். கோடு லேசாக இடது பக்கம் சாய்ந்து நிற்கிறது, நீ அனுப்பின தாள்களில் பாதிப் பெண்கள் அப்படித்தான் போட்டிருந்தார்கள். பக்கத்து மலையில் வேறு ஒரு மொழிக்காரர்கள் அதைப் பார்த்துவிட்டு, தங்களுக்கும் ஒன்று வேண்டும் என்கிறார்களாம். அவர்களுக்கு 'நேற்று', 'நாளை' இரண்டையும் ஒரே மாதிரி எழுத வேண்டியிருக்கிறதாம். இந்த முறை முதலில் அவர்கள் என்ன போடுகிறார்கள் என்று கேட்டுவிட்டு வேலையைத் தொடங்குவோம். நீ கேள், நான் வரைகிறேன்.

கிறிஸ்மஸுக்கு நாங்கள் மூன்று பேரும் காப்பெல் வருகிறோம். இருபத்துமூன்றாம் தேதி திங்கட்கிழமை, மதியம் இரண்டு நாற்பதுக்கு டி.எஃப்.டபிள்யூ-வில் இறங்குகிறோம். விமான நிலையத்துக்கு அண்ணி அலைய வேண்டாம், நாங்களே வண்டி வாடகைக்கு எடுத்துக்கொள்கிறோம் என்று எழுதச் சொன்னாள் ஆன்லின்.

நான் அப்படி எழுதவில்லை. நீ வா.

சுந்தர்